குடிப்பழக்கம் புகுந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வரும்போது

தங்கையின் கணவர் குடியில் மூழ்கிவிட்டார். தங்கை அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அல்லது உயிரோடு இல்லை. ஒரு சாயங்காலம் அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் புத்தகப் பையும் ஒரு கட்டைப்பையில் துணியுமாக உங்கள் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பிறர் வீட்டில் வளரும் பிள்ளைகள் பல பேருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. தாய்மாமன், பெரியம்மா, பாட்டி என்று யாரோ ஒருவர் "சரி, உள்ளே வா" என்கிறார். அதற்கப்புறம் என்ன செய்வது என்று அவருக்குச் சொல்லித்தர ஆள் இருப்பதில்லை.

அவர்களுக்காகவும், குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். "அப்பா" என்றே எழுதிப் போகிறேன். குடிப்பது அம்மாவாக இருந்தாலும், குடிக்குப் பதில் போதை மாத்திரையாக இருந்தாலும் செய்ய வேண்டியது பெரும்பாலும் இதேதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. பிள்ளையை வளர்ப்பதும் அப்பாவைக் குடியிலிருந்து மீட்பதும் இரண்டு தனி வேலைகள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கலாம். ஆனால் ஒன்று மற்றதற்காகக் காத்திருக்கக் கூடாது. "அவர் திருந்தி வரட்டும், அப்புறம் ஸ்கூல் மாற்றலாம்" என்று இருந்தால் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விடும். பிள்ளையை முன்னால் நிறுத்தி அப்பாவைத் திருத்தப் பார்த்தால் இரண்டு பேருமே நொறுங்கிப்போவார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் நல்ல மனது உள்ளவர்களும் செய்யும் தவறு.

1. முதல் இரவு

சாப்பாடு, குளியல், படுக்க ஓர் இடம். அன்றைக்கு அவ்வளவு போதும். "அப்பா எவ்வளவு நாளா அடிக்கிறார், அம்மா ஏன் சொல்லலை" என்ற விசாரணை வேண்டாம். பிள்ளை கேட்காமலே நீங்கள் சொல்ல வேண்டியவை சில உண்டு. இன்றைக்கு ராத்திரி இங்கேதான் தூங்கப் போகிறாய். காலையில் இன்னது செய்யப் போகிறோம். அம்மா இந்த இடத்தில் இருக்கிறாள், தம்பி உன் கூடவே இருப்பான். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். "சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குடிக்கிற வீட்டில் அந்தப் பிள்ளை ஓயாமல் கேட்டுச் சலித்த வாக்கியம் அது.

உடம்பில் காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அப்பா குடித்துவிட்டு வாசலில் வந்து கலாட்டா செய்தால் 112. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. இந்த எண்ணை யாரும் அழைக்கலாம், பிள்ளையே கூட அழைக்கலாம். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. அம்மாவுக்கு அடி விழுந்திருந்தால் 181.

பிள்ளை பேசும்போது பாலியல் தொல்லை பற்றி ஏதாவது சொன்னால், அதை வீட்டுக்குள் பேசி முடிக்க உங்களுக்கு உரிமை இல்லை. 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் மறைத்தால் மறைத்தவர் மேல் வழக்கு வரும். குடும்ப மானம் என்று இதில் தயங்கவே தயங்காதீர்கள்.

2. யாரிடம் சொல்வது, என்ன எழுதிக்கொள்வது

பலர் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையும் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். அதை வைத்துப் பிள்ளைக்கு நீங்கள் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட முடியாது. நாளைக்கு அதே அப்பா போதையில் வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போனால் அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது.

போக வேண்டிய இடம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் இடம் சொல்வார்கள். அவர்கள் விவரம் வாங்கி, தேவைப்பட்டால் குழந்தைகள் நலக் குழு முன்னால் பிள்ளையை அழைத்துப் போவார்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் அமைந்த குழு அது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். பெயரைக் கேட்டதும் கோர்ட், கூண்டு என்று பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதுதான். பிள்ளையிடமும் தனியாகக் கேட்பார்கள். ஒரு சமூகப் பணியாளர் உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். வீடு சின்னது, ஓட்டு வீடு என்று கூச்சப்பட வேண்டாம். பிள்ளை எங்கே தூங்கும், யார் யார் வீட்டில் இருக்கிறார்கள், பள்ளி எவ்வளவு தூரம், வீட்டில் வேறு யாராவது குடிக்கிறார்களா, இதைத்தான் பார்ப்பார்கள். கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

சிலர் அலுவலகம் பக்கமே போக மாட்டார்கள். "சொன்னால் பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள்" என்ற பயம். சட்டம் சொல்வது நேர் எதிர். விடுதியும் இல்லமும் கடைசி வழி, குடும்பம்தான் முதல் வழி. அம்மா இருந்து, அவளால் வளர்க்க முடியும் என்றால் அவளிடம் இருப்பதே முதல் தேர்வு. அவளுக்குப் பணமும் பாதுகாப்பும் கிடைக்கச் செய்வதுதான் அங்கே வேலை. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்தால், நீதிமன்றம் அடிக்கிறவரை வீட்டுக்கு வெளியே நிறுத்த முடியும். அம்மாவும் பிள்ளைகளும்தான் மூட்டை கட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பணம் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு பிரிவு உண்டு. தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளையும் இதில் வரும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். அது பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ளவர்களுக்கும். எது பொருந்தும் என்று அலகில் கேளுங்கள். ஆதார், பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு நகல், பள்ளிச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, இவற்றை ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொண்டு போனால் அலைச்சல் பாதியாகும்.

உறவு எதுவும் இல்லாத ஒரு பிள்ளையை வளர்க்க முன்வருபவர்களுக்கு வழி வேறு. அதற்குப் பெயர் வளர்ப்புப் பராமரிப்பு. இது தத்து அல்ல. பிள்ளைக்குப் பெற்றோர் இருப்பார்கள், அவர்கள் தேறினால் பிள்ளை திரும்பிப் போகும். அந்த நாளுக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். 2024-இல் வந்த புதிய வழிகாட்டு நெறிகளின்படி திருமணமாகாதவர்கள், துணையை இழந்தவர்கள், விவாகரத்தானவர்களும் விண்ணப்பிக்கலாம். பிள்ளை சட்டப்படி தத்துக்குத் தகுதியானதாக இருந்தால், வளர்த்த குடும்பமே 2 ஆண்டுக்குப் பிறகு தத்தெடுக்கக் கேட்கலாம். முன்பு இது 5 ஆண்டாக இருந்தது. யாரிடமிருந்தோ பிள்ளையை நேரடியாக வாங்கி வளர்ப்பது சட்டப்படி குற்றம். இடையில் பணம் கைமாறினால் இன்னும் பெரிய குற்றம்.

3. பள்ளி

இதை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். டி.சி. இல்லை என்று அலையவிட்டால், கல்வி உரிமைச் சட்டத்தைச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது. வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் நிலைமையைச் சொல்லி வையுங்கள், ஊருக்கே தெரிய வேண்டியதில்லை. பிள்ளையை யார் அழைத்துப் போகலாம், யாருடன் அனுப்பக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

4. பிள்ளை எப்படி இருக்கும்

முதல் சில வாரம் ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கும். சொன்னதும் எழுந்திருக்கும், தட்டைக் கழுவி வைக்கும், எதுவும் கேட்காது. உறவினர்கள் "தங்கமான பிள்ளை" என்பார்கள். கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ராத்திரி பைக் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்ளும். உங்கள் குரல் உயர்ந்தால் தம்பியை இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். தலையணைக்கடியில் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். பத்து வயதில், பால் பாக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்று அதுதான் கேட்கும். இத்தனை நாள் அந்த வீட்டை ஓட்டியதே அதுதான்.

இடம் பாதுகாப்பானது என்று நம்பிக்கை வந்த பிறகுதான் கோபம், பொய், படுக்கையில் சிறுநீர், பள்ளியில் சண்டை எல்லாம் வெளியே வரும். "வந்தபோது நன்றாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது" என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில்தான் திருப்பி அனுப்புகிறார்கள். அது கெட்டுப்போகவில்லை, பயம் விட்டிருக்கிறது. பிஸ்கட்டைப் பறிக்காதீர்கள். ஒரு டப்பாவைக் கொடுத்து "இது உன்னுடையது, தீர்ந்தால் சொல்" என்று சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பாடு, ஒரே நேரத்தில் படுக்கை, போகும்போது எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டு அதே நேரத்தில் வருவது. மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை இது. இதற்கு ஈடான கவுன்சலிங் இல்லை என்பது என் கருத்து. கவுன்சலிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கமே இல்லை, தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது, செத்துப்போகிறேன் என்கிறது என்றால் உடனே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

பிள்ளைக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கும்: அப்பா என்னால்தான் குடிக்கிறாரா? நம் ஊரில் அதை வளர்த்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குவது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் விடாமல் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணைச் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. கடைசியில் பாட்டியிடம் வாய் திறந்தான். அப்பா அவன் தலையில் சத்தியம் செய்துவிட்டு அன்று ராத்திரியே குடித்திருக்கிறார். அதனால் தனக்கு ஏதோ ஆகப்போகிறது என்று அவன் நம்பியிருக்கிறான். பாட்டி அவனைக் கொல்லைப்புறம் உட்காரவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, "சத்தியம் பண்ணினவனோட போச்சு, உன் தலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். தலைவலி மெல்ல மெல்ல விட்டது. தயவுசெய்து அந்தச் சத்தியத்தை யாரும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், வாய்விட்டு அதை ரத்து செய்யுங்கள். நீ குடிக்க வைக்கவில்லை, உன்னால் நிறுத்தவும் முடியாது, அது ஒரு நோய், அதைப் பார்க்க டாக்டர் இருக்கிறார் என்று பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, ஒரு தடவையோடு நிறுத்தாமல் சொல்லுங்கள்.

அப்பாவை அழைத்து வர டாஸ்மாக் வாசலுக்குப் பிள்ளையை அனுப்புவதும் இதே ரகம்தான். அனுப்பாதீர்கள்.

5. அப்பாவின் சிகிச்சை

இதைப் பார்த்துக்கொள்ள வேறொரு பெரியவர் இருந்தால் நல்லது. பிள்ளையை வளர்ப்பவரே அப்பாவின் பின்னாலும் ஓடினால் இரண்டிலும் களைத்துப்போவார்.

முதலில் ஓர் ஆபத்து. பல வருடம் தினமும் குடித்த ஒருவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மாலை போட்டார், நிறுத்திவிட்டார், நல்லதுதானே என்று விட்டுவிடுவோம். நிறுத்திய முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இடம், ஆள் தெரியாத குழப்பம் வரும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குத் தூக்கிப் போவதும் நடக்கிறது. அந்த நேரத்தில் அவர் இருக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. மாலை போட நினைப்பவரையும், அதற்கு முன்னால் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மருந்தோடு நிறுத்தினால் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025-இல் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் முன்னோடி. பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணில் கேட்கலாம்.

தனியார் மையம் என்றால் சேர்ப்பதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். 2017 மனநலச் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்று இருக்கிறதா? மனநல மருத்துவர் நிஜமாகவே வருகிறாரா? குடும்பத்தார் வந்து பார்க்க விடுவார்களா? "வண்டி அனுப்புகிறோம், நாங்களே தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம், மூன்று மாதம் நீங்கள் வர வேண்டாம்" என்று பேசும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். சங்கிலியால் கட்டுவது சட்டவிரோதம். அடித்துத் திருத்தும் இடத்திலிருந்து வருபவர், பூட்டிப்போட்ட குடும்பத்தின் மேல் வஞ்சத்தோடுதான் வருவார்.

அப்புறம், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் வாந்தி, படபடப்பு, மூச்சுத்திணறல் வரும், ரத்த அழுத்தம் அபாயமாகக் குறையும். நோயாளிக்குத் தெரிந்து, டாக்டர் மேற்பார்வையில் எடுத்தால் அது மருந்து. தெரியாமல் கொடுத்தால் உயிரைப் பறிக்கக்கூடியது. தெருவில் விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. மனைவியின் கையாலோ பிள்ளையின் கையாலோ அதைக் கொடுக்க வைப்பவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

மையத்திலிருந்து வீடு வந்த பிறகுதான் நீண்ட வேலை. மாத்திரை, மாதாந்தர டாக்டர், ஏ.ஏ. கூட்டம் (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்). ஏ.ஏ.வில் கட்டணம் இல்லை, தமிழிலேயே நடக்கிறது. குடிப்பவரின் குடும்பத்தாருக்கு இதே போல அல்-அனான் என்ற கூட்டம் தனியாக உண்டு. நீங்கள் போய் உட்காருங்கள். அவர் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

6. அப்பா பார்க்க வரும்போது

பார்க்கவே கூடாது என்று அடைத்துவிடாதீர்கள். அடித்த அப்பாவையும் பிள்ளை தேடும். நலக் குழுவின் உத்தரவு ஏதும் இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் கிழமையும் நேரமும் இடமும் முடிவு செய்யுங்கள், ஒரு பெரியவர் கூட இருக்கட்டும். போதையில் வந்தால் அன்றைக்குச் சந்திப்பு இல்லை. இதை முன்கூட்டியே, அவர் தெளிவாக இருக்கும்போது சொல்லிவிட வேண்டும். வாசலில் வைத்துப் புதிதாகச் சொன்னால் அது சண்டை.

பிள்ளை காதுபட அவரைத் திட்டாதீர்கள். "உன் அப்பன் ரத்தம்தானே" என்ற ஒரு வார்த்தை போதும், மாதக்கணக்கில் கட்டியதெல்லாம் இடிந்துவிடும்.

7. பதின்வயதினர்

இவர்களிடம் மறைக்க எதுவும் இல்லை, எல்லாம் தெரியும். குழு முன்னால் என்ன நடக்கிறது, பணம் எவ்வளவு வருகிறது, எதற்குச் செலவாகிறது என்பதை இவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அப்பா குடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஆனால் அது தலையெழுத்து அல்ல. கூல் லிப் என்ற வாயில் அடக்கும் புகையிலை, கஞ்சா, வலி மாத்திரை என்று ஏதாவது கண்ணில் பட்டால் அடிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் போதைப் பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. தண்டனை போக வேண்டிய முகவரி அது.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். பதினெட்டு முடிந்ததும் இல்லத்திலிருந்து வெளியே வருபவர்களுக்குப் பின்பராமரிப்பு என்று ஒரு ஏற்பாடு உண்டு. பதினேழிலேயே அலகில் கேட்டு வையுங்கள்.

8. வீடு திரும்புதல்

மையத்திலிருந்து வந்து ஒரு மாதம் குடிக்கவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பெட்டியோடு அனுப்பாதீர்கள். முதலில் ஒரு பகல். அப்புறம் ஒரு ராத்திரி. அப்புறம் வார விடுமுறை. ஒவ்வொன்றுக்கும் பிறகு பிள்ளை எப்படித் தூங்குகிறது என்று பாருங்கள். அப்பாவிடம் பார்க்க வேண்டியது அழுகையும் சத்தியமும் அல்ல. வேலைக்கு ஒழுங்காகப் போகிறாரா, சம்பள நாளில் பணம் வீட்டுக்கு வருகிறதா, மாத்திரையும் கூட்டமும் தொடர்கிறதா, பிள்ளை "வேண்டாம்" என்றால் கோபப்படாமல் இருக்கிறாரா. குழு உத்தரவின் பேரில் பிள்ளை உங்களிடம் இருந்தால், திருப்பி அனுப்புவதும் குழுவின் உத்தரவோடுதான்.

மறுபடி குடிப்பது இந்த நோயில் சகஜம். அதனால் அப்படி நடக்காது என்ற நம்பிக்கையில் அனுப்பாமல், நடந்தால் என்ன என்று எழுதி வைத்து அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். அவர் குடித்து வந்த அன்று பிள்ளைகள் யார் வீட்டில் தூங்குவார்கள், அங்கே யார் கூட்டிப் போவார், எந்த எண்ணுக்கு முதலில் போன், எந்த டாக்டர், அவர் எத்தனை நாளுக்குள் சிகிச்சைக்குத் திரும்ப வேண்டும், அதுவரை பிள்ளைகள் எங்கே. அப்பா தெளிவாக இருக்கும்போது அவரையும் உட்காரவைத்துத்தான் இதை எழுத வேண்டும். பல அப்பாக்கள் இதை அவமானமாக நினைப்பதில்லை, நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். நகல் அம்மாவிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று, பாதுகாப்பு அலகில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியருக்குப் போன் எண்கள் மட்டும் போதும். பெரிய பிள்ளையிடம் அந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். போன் எப்போதும் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.